எரியாத சொட்டு

என் இடது கண்ணை ஓர் உயிர் தின்றது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. வாயும் இல்லாத, வயிறும் இல்லாத ஓர் உயிர் என் கருவிழியின் மேல் ஊர்ந்து ஊர்ந்து மூன்று மாதம் மேய்ந்தது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களும், மகளுக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறவர்களும் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். மற்றவர்கள் பாதியில் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கே சில நாள் இதை நினைக்கப் பிடிப்பதில்லை.

பலகைகளில் பாண்டிச்சேரி என்ற பெயரை அழித்துப் புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கண்ணுக்கும் காதுக்கும் சொட்டு மருந்து விற்கிறார்களே, கட்டைவிரல் உயர வெள்ளை பாட்டில், அதுதான் எங்கள் சரக்கு. டியூப்லைட் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும். கரும்புள்ளி இருக்கிறதா, வாய் கோணலா, கழுத்தோரம் பிசிறு நிற்கிறதா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. கண்தான் எனக்குச் சோறு போட்டது.

பிசிறு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அச்சின் இரண்டு பாதியும் சரியாகச் சேராவிட்டால் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று நின்றுவிடும். கண்ணுக்குத் தப்பினாலும் என் கட்டைவிரலுக்குத் தப்பாது. அப்படிக் கழித்துப்போட்ட பாட்டில்களில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். எங்கள் பிரிவில் இருந்த எல்லோர் வீட்டிலும் தையல் மெஷின் எண்ணெய் முதல் ஒட்டுப்பசை வரை அந்தக் கழிவு பாட்டிலில்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு பை நிறைய இருந்தது.

மூக்குக்கண்ணாடிக்கு மேல் கம்பெனியின் பாதுகாப்புக் கண்ணாடி உட்காராது என்பதால் லென்ஸ் வாங்கினேன். அதைக் கழுவுகிற திரவம் மாதக் கடைசியில் தீர்ந்துபோகும். சம்பளம் வரும்வரை நாலைந்து நாள் கம்பெனி வாஷ்பேசின் குழாயில் கழுவிப் போட்டுக்கொள்வேன். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஊசிமுனைப் புள்ளி இருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிகிறவள் தண்ணீரிடம் ஏமாந்தேன்.

முதலில் கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று கம்பெனியில் என்னை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்கள். சிக்குன்குனியா ஊரையே முடக்கிப்போட்டிருந்த நேரம், அதிலும் கண் சிவக்கும் என்றார்கள். ஒரு டாக்டர் வைரஸ் என்று சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு நாள் தணிந்து, மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. கண்ணில் மட்டும் இல்லை. புருவத்துக்குப் பின்னால், பல்லுக்கு அடியில், காதுக்குள். ஜன்னல் இடுக்கில் வந்த ஒரு கீற்று வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை. பகலெல்லாம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அந்துவான் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வந்து அங்கேதான் என்னைத் தேடுவார்.

ஒரு நாள் காலை அரை இருட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தேன். கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு வளையம். காபி டம்ளரை மேஜைமேல் வைத்து எடுத்தால் ஒரு தடம் நிற்குமே, அப்படி. நான் தூங்கும்போது யாரோ என் கண்மேல் எதையோ வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அந்துவானை எழுப்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவு டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வரிசையில் மூன்று மணி நேரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவிழியின் மேல்தோலைச் சின்ன பிளேடால் சுரண்டி எடுத்தார். வலி தெரியவில்லை. ஆனால் பிளேடு வருவது தெரியும். ஓடவும் முடியாது, கண்ணை மூடவும் முடியாது. சுரண்டியதில் பாதியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மீதியை ஒரு தட்டில் வளர்க்கப் போட்டார்கள்.

குழாய்த் தண்ணீரில் லென்ஸ் கழுவினாயா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை, சும்மா காத்திருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பெயர் அகாந்தமீபா. அந்துவான் வீடு வரும்வரை ஆட்டோவில் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு செல் கொண்ட உயிர். குழாய்த் தண்ணீரில், மண்ணில், தொட்டியில் எங்கும் உண்டு. தினமும் நம் முகத்தில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஒன்றும் செய்யாது. லென்ஸின் அடியில் மாட்டிக்கொண்டு, கீறலும் கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். அதற்கு இரண்டு கோலம். ஊர்ந்து தின்கிற கோலம் ஒன்று. மருந்து பட்டாலோ தீனி தீர்ந்தாலோ தன்னைச் சுற்றி இரண்டு அடுக்குக் கூடு கட்டிக்கொண்டு தூங்குகிற கோலம் இன்னொன்று. கூட்டுக்குள் போய்விட்டால் எளிதில் சாகாது. எல்லாம் அடங்கிய பிறகு எழுந்து வரும்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். நீச்சல்குளத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒரு ரசாயனத்தை மிக மிக நீர்க்கவைத்து, அங்கேயே கலக்கிச் சொட்டு மருந்தாகத் தந்தார்கள். முதல் நாட்களில் மணிக்கொரு தரம், இரவும் பகலும். பிறகு பகலில் மட்டும் மணிக்கொரு தரம். ஒவ்வொரு சொட்டும் மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்ட மாதிரி எரியும். நல்ல கண்ணில் வெளிச்சம் பட்டாலும் கெட்ட கண் சேர்ந்து சுருங்கி வலித்தது. அதனால் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டேன். பழைய குடைத் துணியில் அதைத் தைத்துக் கொடுத்தவர் என் மாமியார் மதலேன். அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நான் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அந்துவான் கிறிஸ்தவர். பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டோம். அரியாங்குப்பம் வீட்டுக்கு வந்த முதல் நாள், ஈஸ்டர் இரவுப் பூசையான பாஸ்காவில் மந்திரித்த தீர்த்தத்தை வீடு முழுக்கத் தெளித்து, என் தலையிலும் தெளிக்க வந்தார் அத்தை. அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. எத்தனை மாதத்துத் தண்ணீர் இது, கொசு முட்டை போட்டிருக்கும், பார்த்துத் தெளியுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் கொஞ்சம் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என் கண்ணெதிரில் அவர் தீர்த்தத்தைத் தொட்டதே இல்லை. சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. சோற்றுக்கு வா என்பார், போவேன்.

ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். என் அம்மாவுக்கு நடவு நேரம். அத்தை யாரும் கேட்காமலே பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியை அவர் ஒப்பித்தால் என்பார், அவர் அப்பா காலத்துப் பிரெஞ்சுப் பேச்சு. கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த எனக்குச் சோறு ஊட்டினார், தலை வாரினார், கக்கூசுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனார். ஆரஞ்சுச் சுளையில் கொட்டை எடுத்து, நரம்பு உரித்து வாயில் வைப்பார். நான் நன்றி சொல்லத் தெரியாமல், இன்னும் கொஞ்சம் புளிப்பாக இருந்திருக்கலாம் என்று சொல்வேன்.

இரண்டாம் வாரம் ஷர்மிளா வந்தாள். ஆராய்ச்சி மாணவி, குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயது இருக்கும். என் கண்ணில் சுரண்டி எடுத்து வளர்த்ததைத் தன் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்க வந்தவள். கையெழுத்துப் போட விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். கேட்டவர்கள் குறைவு போலிருக்கிறது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

புரதம் ஒரு நீளமான மணிமாலை என்றால் பெப்டைடு என்பது அதில் இருபது முப்பது மணி கொண்ட ஒரு துண்டு. தவளைத் தோலில் அப்படிச் சில துண்டுகள் ஊறுகின்றன. சாக்கடையில் கிடக்கிற தவளைக்கு ஏன் உடம்பெல்லாம் புண் வருவதில்லை என்று யாரோ யோசித்துக் கண்டுபிடித்தது. அந்தத் துண்டு கிருமியின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொண்டு, அதிலேயே ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருப்பது வெளியே கொட்டிக் கிருமி செத்துப்போகும். பாக்டீரியாவுக்கு எதிராக முதலில் பார்த்தார்கள். இப்போது மலேரியா, காலா அசார் மாதிரி ஒட்டுண்ணிகளால் வரும் நோய்களுக்கும், என் கண்ணில் இருப்பதற்கும் உதவுமா என்று பார்க்கிறார்களாம். நம் தோலிலும் கண்ணீரிலும்கூட அந்த மாதிரித் துண்டுகள் உண்டு என்றாள். அப்படியானால் இரண்டு மாதமாக நான் அழுதது போதாதா என்று கேட்டேன். கண்ணீரில் இருப்பது ரொம்பக் கொஞ்சம் என்று சிரிக்காமல் பதில் சொன்னாள்.

என்னுடையது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். தட்டில் பாக்டீரியாவை மெல்லிசாகப் பூசி வைப்பார்களாம், அதுதான் தீனி. நடுவில் விட்டால் ஓரத்தை நோக்கித் தின்றுகொண்டே போகும். போன வழி தடமாகத் தெரியும். அன்றைக்குப் பிறகு படுத்திருக்கும்போதெல்லாம் என் கண்ணுக்குள் தடங்கள் நீள்வது எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒரு பங்கு, அவளிடம் ஒரு பங்கு, இரண்டும் ஒரே நேரத்தில் மேய்கின்றன. வெளியே மழை, ஆஸ்பத்திரி வாய்க்காலில் தவளைகள் கத்தின. மருந்தைத் தோலில் வைத்துக்கொண்டு இப்படிக் கத்துகின்றனவே என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஷர்மிளாவிடம் சொல்லிவிட்டேன்.

"அத என் கண்ணுல வுட்டுடு. எங்க வேணா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"முடியாதுக்கா. அமீபாவோட தோல் எது, உங்க கண்ணோட தோல் எதுன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியுமான்னே இன்னும் எங்களுக்குத் தெரியல. தட்டுல வேலை செய்யுறது எல்லாம் மருந்தாயிடாது."

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். எரிகிற சொட்டையே பொறுத்துக்கொள், வளையம் சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். உண்மைதான். முதல் பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்திருந்தது.

பிறகுதான் அந்த இன்னொரு சொட்டு வர ஆரம்பித்தது.

மதியம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ஊரே கடை சாத்திவிட்டுத் தூங்குகிற நேரம். வார்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். ஒரு மணிச் சொட்டு எரிந்து அடங்கி, வலி மாத்திரையின் மயக்கத்தில் நான் அரைத் தூக்கத்தில் கிடப்பேன். அப்போது துணியின் ஓரம் மெதுவாகத் தூக்கப்படும். ஒரு விரல் கீழ் இமையைத் தொடும். ஒரு சொட்டு விழும். அது எரியாது. குளிர்ச்சியாக, தண்ணென்று கண் முழுக்கப் பரவும். துணி திரும்ப மூடப்படும். காலடிச் சத்தம் இருக்காது. பேச்சு இருக்காது.

முதல் நாள் கனவு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் புது மருந்து என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் என் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, நடுவில் யாருமே வருவதில்லை என்றார். மாத்திரை அப்படி இருக்கும் அக்கா, கண்டதெல்லாம் தோன்றும் என்றார். அத்தையிடம் கேட்டேன். கட்டிலுக்குக் கீழே பாயில் இருந்து ஒரு நொடி தாமதித்துப் பதில் வந்தது. யாரையும் பார்க்கவில்லையே என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பயமான ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் நாளில் இருந்து அந்தச் சொட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். நாள் முழுவதும் என் கண்ணில் விழுவதெல்லாம் நெருப்பாக இருக்க, அது ஒன்றுதான் இதமாக இருந்தது. யார் என்று கேட்டால் நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூடச் சீராக விட்டுத் தூங்குவதாக நடித்தேன். செத்துப்போனவர்கள் யாராவது வருகிறார்களோ என்றுகூட நினைத்தேன். சாமி, பேய் எதையும் நம்பாதவள் நான். கண் கட்டி இரண்டு வாரம் படுத்திருந்தால் நம்பாதவர்களும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி இடம் விடுவார்கள்.

அந்த வாரக் கடைசியில் வலி பழையபடி ஏறியது. டாக்டரம்மா விளக்கைக் காட்டிப் பார்த்தார். மறுபடியும் சுரண்டினார்கள். தட்டில் மறுபடியும் ஊர்ந்தது. கூட்டில் இருந்து எழுந்ததா, புதிதாக வந்ததா என்று அவருக்கே குழப்பம். தினமும் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார், சிஸ்டர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு அந்துவானை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. கண் கட்டினவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

"இப்படியே போனா கருவிழி ஓட்டையாயிடும். அப்புறம் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். மனசத் தயார் பண்ணிக்குங்க."

அன்று மதியம் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கித் துப்பிவிட்டேன். ஒரு மணிச் சொட்டு எரிந்து அடங்கியது. மின்விசிறி சுற்றியது. கட்டிலுக்குக் கீழே அத்தையின் குறட்டை கேட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. அது நின்ற பிறகுதான் துணியின் ஓரம் உயர்ந்தது. விரலில் ஆரஞ்சுத் தோல் வாசனை. சொட்டு விழுந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு, நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. பிறகு என் தலைமாட்டுப் பெட்டியில் எதையோ துணிகளுக்கு அடியில் செருகும் சத்தம்.

அத்தை தண்ணீர் பிடிக்கப் போனதும் கையை விட்டுத் தேடினேன். ஒரு சின்ன பாட்டில். மூடிக்குக் கீழே கட்டைவிரலால் கழுத்தைச் சுற்றித் தடவினேன். பிசிறு இருந்தது. மருந்து அடைத்து வருகிற எந்தப் பாட்டிலிலும் அது இருக்காது, இருக்க விட மாட்டோம். நான் கழித்துப்போட்டது. நான் வீட்டுக்கு எடுத்து வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன், மெழுகுவர்த்தி வாசனை. எங்கள் வீட்டு ஜெப மாடத்தின் வாசனை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாஸ்காவில் பிடித்து வந்து மாதக்கணக்காகப் பிளாஸ்டிக் குடத்தில் நின்ற தண்ணீர். அதில் கொசு முட்டை இருக்கும் என்று எல்லோரும் சிரிக்கச் சொன்னவள் நான். கேட்டுவிட்டுப் போட்டால் மறுபடி சிரிப்பேன் என்று, நான் தூங்கும் நேரம் பார்த்துப் போட்டிருக்கிறார். நான் அன்று சொன்னது கிட்டத்தட்டச் சரியாகப் போனது இன்னும் மோசம். பாட்டிலைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு, எரிகிற கண்ணோடு அழுதேன்.

சாயந்திரம் ஷர்மிளாவிடம் அதைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அதற்குள் அத்தை பாட்டிலைத் தேடியதும் எனக்குக் கேட்டது. துணியை ஒவ்வொன்றாக எடுத்து, உதறாமல், திரும்ப மடித்து வைத்துத் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாயா என்று அவரும் கேட்கவில்லை.

வீட்டில் இன்னும் ஒரு பை நிறையப் பாட்டில்கள் இருந்தன. குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அத்தை சொல்லி அனுப்பினால் மறுநாளே இன்னொன்று வந்துவிடும், எனக்கு ஒரே ஒரு இரவுதான் இருந்தது. அவரிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் தீர்த்தத்தில்தான் அது இருக்கிறது என்று அவர் முகம் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. முகம் பார்க்கக் கண் இல்லை. கோபமும் இருந்தது. மறுநாள் காலை அந்துவான் வந்ததும், அத்தை காதில் விழும்படியே சொன்னேன்.

"உங்க அம்மாவ வூட்டுக்குக் கூட்டினு போயிடுங்க. இனிமே எனக்கு அவங்க வேணாம். எங்க அண்ணி வந்து இருக்கட்டும்."

அந்துவான் காரணம் கேட்டார். காரணம் இல்லை என்றேன். அத்தை பாயைச் சுருட்டினார். பையைக் கட்டினார். போகும்போது ஆரஞ்சு உரித்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஷர்மிளா வந்தாள். பாட்டில் தண்ணீரில் அதே மாதிரி ஊர்கிறது என்றாள். கூடவே பாக்டீரியாவும் ஏராளம், அதற்குக் கட்டுச்சோறு மாதிரி. கண்ணில் இருந்ததும் இதுவும் ஒன்றேதானா, இதனால்தான் கண் கெட்டதா என்றெல்லாம் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் புண்ணாகிக் கிடக்கும் கண்ணில் தினமும் இதைச் சொட்டினால் ஆறாது என்றாள். யாருடைய பாட்டில் என்று கேட்டாள். என்னுடையது என்றேன். எரிச்சல் தாங்காமல் நானே விட்டுக்கொண்டேன் என்றேன். டாக்டரம்மாவிடம் அதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. படித்தவள்தானே என்று மூன்று தரம் கேட்டார்.

எரியாத சொட்டு நின்ற பிறகு கண் மெல்ல அடங்கியது. ஓட்டை விழவில்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்தே எரிகிற சொட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணை எடுக்கவில்லை, ஆனால் நடுவில் பால் நிறத்தில் தழும்பு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் செத்துப்போன யாரோ ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். அவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். இப்போது இடது கண்ணால் முகம் தெரியும், எழுத்து கொஞ்சம் கலங்கும். தரம் பார்க்கும் வேலை போயிற்று. அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் குறைவு. லென்ஸ் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கருவிழி மாற்றிய பிறகு ஒரு நாள் ஷர்மிளா தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டாள். இரண்டு தட்டுகள், ஒன்றில் கண் என்றும் ஒன்றில் பாட்டில் என்றும் எழுதியிருந்தது. வாரா வாரம் தீனி மாற்றி ஒரு வருஷமாக வளர்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓரமெல்லாம் முள் முள்ளாக, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. ஷர்மிளா பெப்டைடு கலந்த நீரை விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக உருண்டு, ஊதி, உள்ளே இருப்பது கசிந்து நின்றுபோனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் நடுநடுவே சில உருண்டைகள் அசையாமல் இருந்தன. கூட்டில் இருப்பவை, அவற்றை இது ஒன்றும் செய்வதில்லை என்றாள். மூன்று வாரம் கழித்து எழுந்துவிடுமாம். இன்னும் எத்தனை வருஷமோ, மருந்தாகுமோ ஆகாதோ என்றாள். என் கண்ணில் இருந்தது செத்துவிட்டதா என்று கேட்டேன். அது இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போவதுதான் அக்கா, இங்கே இருப்பதும் அதேதான் என்றாள். ஆக அது இருக்கிறது. என் கண்ணைத் தின்றது இந்த ஊரிலேயே, வேளாவேளைக்குத் தீனி தின்றுகொண்டு நன்றாக இருக்கிறது.

அத்தை மூன்று வருஷம் என்னிடம் தேவைக்கு மட்டுமே பேசினார். நான் வேண்டாம் என்று சொன்னதை மறக்கவில்லை, சொல்லிக் காட்டவும் இல்லை. போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள நான் லீவு போட்டேன். மதியம், ஜன்னலைச் சாத்தி, சொட்டு மருந்து போடுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எரிகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் எரிகிறது என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழப்போனேன்.

"செல்வி, ஒப்பித்தால்ல நீ தூங்கசொல்ல நான் ஒண்ணு பண்ணன்."

"தெரியும்த்த."

"பாட்டில எடுத்தது நீதான?"

"நான்தான்."

"அதுல கெட்டது இருந்துச்சா?"

மூன்று வருஷமாக இதற்கு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"இருந்துச்சித்த."

அத்தையின் மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. ஆபரேஷன் கண், அழக்கூடாது என்று பஞ்சால் ஒற்றினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாண்ட அங்கியே கேட்டிருக்கலாம் இல்ல நீ."

"நீங்களும் என்னக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

"கேட்டா நீ சிரிப்பியே."

சிரித்திருப்பேன். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாலும் சிரித்திருப்பேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அந்தப் பாட்டிலை எப்படி அடையாளம் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். கழுத்துப் பிசிறைப் பற்றிச் சொன்னேன். பையில் மிச்சம் இருந்த ஒன்றைக் கொண்டுவந்து அவர் கட்டைவிரலை வைத்துத் தடவிக் காட்டினேன். இரண்டு மூன்று தரம் தடவிப் பார்த்தார்.

அடுத்த சொட்டுக்கு நேரமாயிற்று. பாட்டிலைத் திறந்துகொண்டு குனிந்தேன். அத்தை கையை நீட்டினார். கொடுத்தேன். மூடியவாக்கிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் கழுத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் கண்ணைத் திறந்தார். சொட்டை விட்டேன்.

"எரியுது" என்றார்.

"எரியட்டும்த்த" என்றேன்.